கூச்சப்படாமல் அழையுங்கள்

எந்த வீட்டு வாசலிலும் அவள் அழைப்பு மணியை அழுத்த மாட்டாள். விரல் முட்டியை மடக்கி மூன்று தட்டு. திறக்காவிட்டால் இன்னும் மூன்று. அதற்கும் அசையாவிட்டால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல். மணியை அழுத்தும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி பறக்கும். அந்த வீட்டில் வாயு தேங்கி நின்றால் அந்தப் பொறியே போதும். பதினான்கு வருட வேலையில் இது அவள் கைக்கே பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சொந்த அக்கா வீட்டுக்கு வந்தாலும் அதே மூன்று தட்டுதான்.

"பெல்லு எதுக்குடி வச்சிருக்கு? அழகு பாக்கவா?" என்று அக்கா கேட்பாள்.

"உன் வீட்ல கசிவு இல்லன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

அதன் பிறகு அக்கா இரண்டு நாளைக்கு அடுப்படியை மோந்து பார்த்துக்கொண்டே திரிவாள்.

நகரத்து எரிவாயு நிறுவனத்தில், கசிவு தேடும் நடைக்குழுவில் அவளுக்கு வேலை. நடப்பதுதான் வேலை. தெருவுக்கடியில் குழாய் எந்த வழியாக ஓடுகிறதோ அந்த வழியாக மேலே இவள் நடப்பாள். தோளில் ஒரு பெட்டி, கையில் ஊன்றுகோல் மாதிரி ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஓர் உறிஞ்சி. கிண்ணம் தரையோடு தவழும். பெட்டி தனக்குள் முணுமுணுக்கும். ஒரு நாளைக்குப் பதினொரு கிலோமீட்டர். முதல் வருடம் காலடி எண்ணும் கருவியைக் கட்டிக்கொண்டு அளந்தாள். இப்போது காலணி தேய்ந்திருப்பதைப் பார்த்தே நூறு மீட்டர் பிசகாமல் சொல்லிவிடுவாள்.

மற்றவர்கள் கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அவள் புல்லைப் பார்ப்பாள். மண்ணுக்கடியில் வாயு ஒழுகினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் மேலே புல் வட்டமாகப் பழுத்துப் போகும். ஒரு முறை உறவுக்காரர் வீட்டுக் கல்யாண விருந்தில், புத்தாடையோடு தோட்டத்து மூலையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் பூத்த புல்வட்டம் ஒன்று அவள் கண்ணில் பட்டிருந்தது. கால் மணி நேர ஆராய்ச்சிக்குப் பிறகு, அது மாப்பிள்ளை வீட்டு நாய் தினமும் காலைத் தூக்குகிற இடம் என்று தெரிந்தது. "பரவால்ல, சந்தேகம் தீந்துச்சு" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் அவளுக்கு 'நாலு கேள்வி' என்று பெயர். யார் எந்தப் புகாரோடு வந்தாலும் அதே நான்கைக் கேட்பாள்: எப்ப இருந்து? எந்த இடத்துல? வேற யாருக்கெல்லாம் தெரியுது? எப்ப ஜாஸ்தி ஆகுது? பதிலை நோட்டில் எழுதாமல் அடுத்த அடி வைக்க மாட்டாள். வீட்டிலும் இதே கதைதான். கணவன் தலைவலி என்று வந்து சோபாவில் விழுந்தாலும் நான்கும் வரும்.

"இப்ப இருந்து. இந்த வீட்ல. எனக்கு மட்டும். நீ கேள்வி கேக்கறப்ப ஜாஸ்தி ஆகுது" என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே.

அவர் எலக்ட்ரீஷியன். வீடு வீடாகப் போய் வாயு அடுப்பைக் கழற்றிவிட்டு மின் அடுப்பு மாட்டுவது அவர் தொழில். அதாவது, இவள் பகலெல்லாம் காப்பாற்றுகிற குழாயை அவர் பகலெல்லாம் வெட்டிக்கொண்டிருப்பார். இருவரும் மாலையில் ஒரே சமையலறையில் வந்து நிற்பார்கள். அங்கே இடது பக்கம் வாயு அடுப்பு, வலது பக்கம் மின் அடுப்பு. யார் பாத்திரத்தில் தண்ணீர் முதலில் கொதிக்கிறதோ அவர் வெளியே போய் உட்காரலாம். தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். கையில் ஈரத் துணியோடு இவள் முறைப்பாள்.

"மேடம், நீங்கல்லாம் போற ரயில்ல கடைசிப் பெட்டி. ஒத்துக்கங்க."

"கடைசிப் பெட்டியிலதான் கார்டு இருப்பாருங்க. அவரு கொடி காட்டலேன்னா உங்க இன்ஜின் எங்க போகும்?"

ஒரு நாள் அலுவலகத்தில் சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி வைத்து, மேலிடத்தில் இருந்து வந்த காகிதத்தை உணர்ச்சியோடு வாசித்தார். நிகரப் பூஜ்ஜியம் என்று ஒன்று வருகிறது. காற்றில் எவ்வளவு கலக்கிறோமோ அவ்வளவையும் ஈடுகட்டிக் கணக்கைச் சுழியில் நிறுத்த வேண்டும். வாயுத் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. வாசித்து முடித்து, காகிதத்தை மடித்து, கையை உயர்த்தினார். "ஆகவே நண்பர்களே, வருஷம் முடியறதுக்குள்ள நாம எல்லாரும் ஜீரோ ஆகணும்!"

"எங்க வீட்ல என்னை எப்பவோ ஆக்கிட்டாங்க சார்" என்றார் பின்வரிசையில் இருந்து கடப்பாரை. அவர் நடைக்குழுவில் துளை போடுகிறவர். கசிவு எங்கே என்று தெரியாதபோது தரையில் இரும்புக் கம்பியால் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கம்பியைத் தோளில் போட்டே திரிவதால் அந்தப் பெயர்.

கூட்டம் சிரித்துக் கலைந்தது. இவள் மட்டும் அந்தக் காகிதத்தை வாங்கி, மூன்று முறை படித்து, புரிந்ததைப் புரிந்த மாதிரியே அக்காவின் ஜெராக்ஸ் கடைக்கு வந்து சொன்னாள்.

"நிலக்கரிய எரிச்சா ரெண்டு பங்கு கரிப்புகைன்னு வச்சுக்கக்கா. அதே சூட்டுக்கு எங்க வாயுவ எரிச்சா ஏறக்குறைய ஒரு பங்கு. அதனாலதான் பழைய நிலக்கரி உலைய மூடிட்டு, கொஞ்ச வருஷத்துக்கு எங்களை வச்சு ஓட்டறாங்க. அது வரைக்கும் நாங்க நல்லவங்க."

"அப்புறம்?"

"எரியாம அப்படியே ஒழுகிப் போச்சுன்னா, நாங்கதான் வில்லன். எடைக்கு எடை அந்தப் புகைய விட எண்பது மடங்கு சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், இருபது வருஷத்துக்கு. கண்ணுக்குத் தெரியாது, புகை கிடையாது, ஒண்ணும் கிடையாது. நூறுல மூணு நாலு ஒழுகினாலே நிலக்கரிய மூடினது வீண்."

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கணக்குப் புரிந்தது. "அப்ப உன் வேலை ஒழுகல் அடைக்கற வேலை. அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான். வாயு இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்னு பெரியவங்க சண்டை போடட்டும். இருக்கற வரைக்கும் ஒழுகாம இருக்கணும். என் வேலையே தீந்து போகணும்னுதான்க்கா நான் வேலை பாக்கறேன்."

அக்கா அன்று வந்த பதினேழு வாடிக்கையாளர்களுக்கும் இதை அப்படியே ஒப்பித்தாள். எண்பது மடங்கு என்னும் இடத்தில் மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்தினாள்.

அவளுடைய குழுவுக்குக் கொடுத்தது பதினொரு தெருக்கள் கொண்ட ஒரு வட்டாரம். குழு என்றால் ஆறு பேர். ஏழு மாதத்தில் நாற்பத்தேழு கசிவுகளைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். ஆனால் அளவெடுக்கும் வேன் வாரம் ஒரு முறை தெருக்களைச் சுற்றி வந்து, காற்றை இழுத்து, வரைபடம் ஒன்றைத் துப்பும். அந்தப் படத்தில் நடு மூன்று தெருக்களின் மேல் சிவப்பாக ஒரு கறை. வெயில் நாளில் மங்கும், மழை நாளில் பளிச்சென்று தெரியும், அழிய மட்டும் அழியாது. எங்கோ ஒன்று இன்னும் ஒழுகுகிறது. அந்த மூன்று தெருக்களையும் அவள் ஒன்பது முறை நடந்துவிட்டாள். பெட்டி முணுமுணுத்ததே தவிர வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சோதனை அதிகாரி வருகிறார் என்று உத்தரவு வந்தது. கறை அழிந்திருந்தால், கழிவுநீர் நிலையத்தில் சாக்கடையில் இருந்து பிடிக்கிற வாயுவை முதன்முதலாக இந்த வட்டாரக் குழாயில் விடுவார்கள். நடைக்குழு அடுத்த வட்டாரத்துக்குப் போகும். அழியாவிட்டால், ஒழுகும் குழாயில் புது வாயு விட முடியாது என்று வட்டாரத்தையே மூடிவிடுவார்கள். குழுவைக் கலைத்து ஆறு பேரையும் ஆளுக்கொரு மேசைக்கு அனுப்புவார்கள். அவளுக்கு ஒதுக்கியிருந்த மேசையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னல் கிடையாது. நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது.

"சக்கரம் இருக்குல்ல, பதினொரு கிலோமீட்டர் உருண்டுக்க" என்றார் கணவர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அன்று மின் அடுப்பை வேண்டுமென்றே தாமதமாகப் போட்டு, தோற்று, அவரே பாத்திரம் தேய்த்தார்.

கடைசி முயற்சியாக அந்த மூன்று தெருக்களுக்கும் துண்டுச் சீட்டு அச்சடிப்பது என்று முடிவாயிற்று. அலுவலகம் எழுதிக் கொடுத்த வாசகம் இது: 'எரிவாயுக் கசிவு ஐயுறப்படின், தயக்கமின்றித் தொடர்பு கொள்க.' அவள் அதை அக்கா கடைக்கு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயுறப்படின்னா யாருடி படிப்பா? இங்க விடு" என்றாள் அக்கா. அக்கா எழுதும் எதிலும் எழுத்துப் பிழை இராது. ஒற்று கூட விடாமல் போடுவாள். ஊரில் பாதி விண்ணப்பங்கள் அவள் கைதான். பேச்சு வழக்குக்கு நெருக்கமாக, எளிமையாக, பெரிய எழுத்தில் ஒரே வரியில் அடங்குகிற மாதிரி எழுதினாள். வரியில் இடம் போதாததால் 'எரி' என்ற இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை காலை அறுநூறு வீடுகளில் அந்தச் சீட்டு விழுந்தது:

'வாயு வெளியேறுகிறதா? துர்நாற்றமா? கூச்சப்படாமல் உடனே அழையுங்கள்!'

கீழே அலுவலகத் தொலைபேசி எண். ஒற்றுப் பிழை ஒன்று கூட இல்லை.

ஒன்பது மணிக்கு முதல் அழைப்பு வந்தது. "ரொம்ப நல்ல காரியம் பண்றீங்க. இதையெல்லாம் யார்கிட்டங்க சொல்லறது? எனக்கு ராத்திரி சாப்பிட்டா காலைல வரைக்கும்..." பத்து மணிக்குள் பதினாறு பேர். மதியத்துக்குள் நாற்பத்தொன்று. இஞ்சி நல்லதா, சோம்பு நல்லதா என்று ஒருவர் கேட்டார். மாமியாரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் ஒரு மருமகள் புகார் கொடுத்தாள். லிஃப்டில் தன்னோடு வருகிற சக ஊழியரைப் பற்றி ஒருவர் மொட்டைக் கடிதம் போல மொட்டை அழைப்புச் செய்தார். கடப்பாரை மூன்று அழைப்பை எடுத்துவிட்டு, நான்காவதில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சூப்பர்வைசர் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதை எழுதின மகராசி யாரு?" என்றார்.

"என் அக்கா சார்."

"படிச்சவங்களா?"

"எழுத்துப் பிழை விடாதவங்க சார்."

செய்தி கேட்டு அக்கா கூனிக் குறுகிப் போனாள். மூன்று நாளைக்குக் கடை ஷட்டரைப் பாதிக்கு மேல் ஏற்றவில்லை. குனிந்து வந்தவர்களுக்கு மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள்.

மற்றவர்கள் வயிற்றுக்காரர்களை இரண்டு வார்த்தையில் அனுப்பிவிட்டுப் போனை வைத்தார்கள். அவள் மட்டும் ஒருவரையும் அனுப்பவில்லை. தன் முறைக்கு வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் நான்கு கேள்வியையும் கேட்டாள்; நோட்டில் கோடு போட்டு, பதில்களை எழுதினாள்.

"எதுக்கு இதெல்லாம்? ஆஸ்பத்திரி வைக்கப் போறீங்களா?" என்றார் கடப்பாரை.

"நோட்டு இருக்கு, பேனா இருக்கு. உங்களுக்கு என்ன?"

புதன்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரம், ஒரு தையல்காரர் அழைத்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள், கேட்டுவிடக் கூடாது என்கிற குரல்.

"அம்மா, கூச்சப்படாமன்னு போட்டிருந்துச்சு, அதான். எனக்கு வாயு. என் வீட்டம்மா அப்படித்தான் சொல்றா. எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா நாத்தம் வருது, அது வாஸ்தவம்."

"எப்ப இருந்து ஐயா?"

"எட்டு மாசம். உருளைக்கிழங்க நிறுத்தினா. முட்டைக்கோச நிறுத்தினா. பயறெல்லாம் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறா. இப்ப வெறும் கஞ்சிம்மா. ஆனாலும் போகல."

"எந்த இடத்துல?"

"ஜன்னல் ஓரம் என் நாற்காலி. தைக்கற இடம். அங்க மட்டுந்தான்."

அவள் பேனா நின்றது. "படுக்கையில? சாப்பிடற இடத்துல?"

"இல்லம்மா. அங்கல்லாம் நான் யோக்கியன்."

"வேற யாருக்கெல்லாம் தெரியுது?"

"அவளுக்கு. துணி கொடுக்க வர்றவங்களுக்கு. எல்லாரும் என்னைத்தான் பாக்கறாங்க."

"எப்ப ஜாஸ்தி ஆகுது ஐயா?"

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். "மழை பெஞ்சா."

பதினான்கு வருடத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறாள். மழை பெய்தால் அதிகமாகிற வயிற்றை அவள் கேட்டதில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, இப்ப நான் சொல்றத அப்படியே செய்யுங்க. லைட்டு சுவிட்சுல கை வைக்காதீங்க, போட்டிருந்தா அணைக்கவும் வேண்டாம். அடுப்பு வேண்டாம், தீக்குச்சி வேண்டாம். ஜன்னல், கதவு எல்லாத்தையும் தொறந்து வச்சிட்டு, அம்மாவக் கூட்டிக்கிட்டு தெருவுக்கு வந்திடுங்க. போனையும் வெளிய வந்து பேசுங்க."

"தெருவுக்கா? என் வயித்துக்கா?"

"உங்க வயித்துக்கும் சேத்துத்தான் ஐயா. சீக்கிரம்!"

பன்னிரண்டு நிமிடத்தில் வண்டி போய் நின்றது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு நடுத்தெருவில் நின்றார். ஒல்லியான மனிதர், எட்டு மாதக் கஞ்சியில் இன்னும் ஒல்லி. அவருக்கு நான்கடி தள்ளி, முந்தானையால் மூக்கைப் பொத்திய அவர் மனைவி. சுற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருபது பேர்.

"ஏம்மா, இவருக்காக வண்டியே அனுப்பிட்டாங்களா?" என்றார் மனைவி. பயமும் மரியாதையும் கலந்த குரல்.

அவள் கம்பியை நீட்டிக்கொண்டு வாசலில் நுழைந்தாள். நடு அறையில் முணுமுணுப்பு. அடுப்படியில் முணுமுணுப்பு. ஜன்னலோரம், நாற்காலிக்குக் கீழே சுவரும் தரையும் சேருகிற மூலையில் கிண்ணத்தை வைத்தாள். பெட்டி வீல் என்று கத்தியது. பத்து லட்சத்தில் இரண்டாயிரம் பங்கு. வெடிக்கிற எல்லைக்கு வெகு கீழேதான். ஆனால் ஒன்று கூட இருக்கக் கூடாத இடம் அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் குதித்தும் விட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தத் தெரு நடைபாதைக்குப் புதுக் கல் பதித்து இடுக்கு விடாமல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதற்கடியில் ஒரு குழாய் ஒழுகியிருக்கிறது. கல் மூடியதால் மேலே வர வழியில்லை. அதனால்தான் ஒன்பது முறை நடந்தும் அவள் கிண்ணத்தில் சிக்கவில்லை. வெயில் நாளில் சாலையோர மண் வழியே பரவி நீர்த்துப் போனது. மழையில் அந்த மண்ணும் நனைந்து அடைத்துக்கொண்டதும், பக்கவாட்டில் நகர்ந்து, சுவரின் பழைய ஓட்டை வழியாகத் தையல்காரரின் நாற்காலிக்குக் கீழே வந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியே தெருக் காற்றிலும் கலந்தது.

"ஐயா மேல தப்பில்ல. குழாய் மேலதான் தப்பு" என்றாள் அவள், கூட்டத்துக்குக் கேட்கும்படி.

தையல்காரர் கண்ணை மூடித் திறந்தார். மனைவி விடுவதாக இல்லை. "அப்படிச் சட்டுனு சொல்லிடாதம்மா. ரெண்டும் இருக்கலாமில்ல? அந்தக் கம்பிய இவருகிட்டயும் ஒரு தடவை புடி."

விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: சந்தேகிக்கப்பட்ட எல்லாக் காரணங்களையும் சோதித்த பிறகே விலக்க வேண்டும். அவள் அதை மனப்பாடமாக அறிவாள். கருவியைத் தெருக் காற்றில் பிடித்து முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தினாள். கம்பியைத் தையல்காரர் பக்கம் திருப்பினாள். அவர் துணிக்கடைப் பொம்மை போலக் கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"முன்னாடி பூஜ்ஜியம்."

"பின்னாடி?" என்றார் மனைவி.

அவர் தானாகவே திரும்பி நின்றார். கிண்ணம் போனது, நின்றது, பத்து எண்ணும்வரை அசையவில்லை.

"பின்னாடியும் பூஜ்ஜியம்!"

இருபது பேரும் கை தட்டினார்கள். மாடியில் இருந்து ஒருவர் விசிலடித்தார். கடப்பாரை தோளில் இருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டிமேல் சாய்ந்தார். மனைவி மூக்கில் இருந்து முந்தானையை எடுத்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் இருந்து யோசிக்கத் தொடங்கியவர் போலக் கணவரின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார்.

துளை போட்டதில் மூன்றாவது துளையே காட்டிக் கொடுத்தது. கல்லைப் பெயர்த்து, இடுப்பளவு ஆழம் தோண்டினார்கள். அந்த இடத்தில் முன்பு இருந்த ஏதோ கடைக்குப் போன கிளைக் குழாய். கடை போனபின் மூடி போட்டு விட்டிருந்தார்கள். நடைபாதைக்கு மண்ணை இடித்து இறுக்கிய இயந்திரம் அந்த மூடியில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. கிளையை வெட்டி, புது மூடியை உருக்கி ஒட்டினார்கள். அவள் குழிக்குள் இறங்கி, ஒட்டிய இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினாள். ஒரு குமிழி வந்தாலும் ஒட்டு சரியில்லை. ஐந்து நிமிடம் பார்த்தால் போதும் என்பது விதி. அவள் இருபது நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தாள்.

மேலே ஏறியதும் முதல் அழைப்பு அக்காவுக்கு. "அக்கா! உன் சீட்டு கண்டுபிடிச்சிருச்சுக்கா! 'எரி'ய எடுத்தியே, அதாலதான்! போட்டிருந்தா அந்த மனுஷன் போன் பண்ணியிருக்கவே மாட்டாரு!"

அக்கா கடை ஷட்டரை ஒரே தள்ளில் மேலே ஏற்றினாள். அந்தச் சத்தம் போனில் அவளுக்கும் கேட்டது.

வியாழன் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை சோதனை அதிகாரி வந்தார். சிறிய கண்ணாடி போட்ட, சிரிப்பதற்கு இன்னும் அனுமதி வாங்காத முகம் கொண்ட பெண்மணி. வேன் மூன்று சுற்றுச் சுற்றியது. படம் வெளியே வந்தது. நடு மூன்று தெருக்களின் மேல் கறை இல்லை. கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். இல்லை. பிறகு, எல்லாக் கசிவுகளின் படிவங்களையும் கேட்டார். படிவம் சரியாக இல்லையென்றால் படம் செல்லாது.

நாற்பத்தேழு படிவங்களையும் ஒன்றொன்றாகப் புரட்டினார். நாற்பத்தெட்டில் நின்றார். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். அவள் கையெழுத்து, குண்டு குண்டாக, ஒரு கட்டத்தைக் கூட விடாமல்.

முன்னர் சந்தேகிக்கப்பட்ட காரணம்: வீட்டுக்காரர்.

சோதித்த முறை: கருவி. முன்புறம், பின்புறம்.

அளவு: 0.

முடிவு: வீட்டுக்காரர் காரணம் அல்ல.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

"விலக்காம விடக் கூடாதுன்னு விதி இருக்கு மேடம்."

"யாரு சந்தேகப்பட்டது?"

"அவரு வீட்டம்மா."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா மேடம். கஞ்சியோட."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் மெல்ல ஆடியது. நிமிர்ந்தபோது முகம் பழையபடி இருந்தது. கண்ணாடிக்குக் கீழே மட்டும் ஈரம். படிவத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். படத்தின் ஓரத்தில் போட்டார். "சாக்கடை வாயுவைத் திங்கட்கிழமை திறக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேகமாக எழுந்து வெளியே போனார். வராந்தாவில் இருந்து ஒரு வெடிச்சிரிப்பு கேட்டது.

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். சூப்பர்வைசர் ஏழாவதாகச் சேர்ந்துகொண்டார். "ஜீரோ ஆயிட்டோம்! நாம எல்லாரும் ஜீரோ ஆயிட்டோம்!" என்று அவர் கத்தியதைக் கேட்டு, அடுத்த அறையில் இருந்தவர்கள் வேலை போய்விட்டது என்று நினைத்து அனுதாபத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அன்று மாலை கணவருக்குப் போன் செய்து, வீட்டில் தண்ணீர் வைக்காதீர்கள், தாமதமாகத்தான் வருவேன் என்றாள். படிவத்துக்கு மூன்று நகல்கள். வெள்ளை அலுவலகத்துக்கு, நீலம் சோதனை அதிகாரிக்கு, மஞ்சள் வீட்டுக்காரருக்கு. மஞ்சளைப் பொதுவாகக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்துவிடுவார்கள். அவள் அதைத் தையல்காரர் வீட்டுக்குக் கையிலேயே கொண்டுபோனாள்.

வாசலுக்கு மனைவிதான் வந்தார். உள்ளே ஜன்னலோரம் தையல் இயந்திரம் ஓடும் சத்தம். வேகமான, தாராளமான சத்தம். அடுப்பில் உருளைக்கிழங்கு வறுபடுகிற வாசம்.

"சீட்டு ஏதோ தரணும்னு சொன்னாங்களாமே, இவரு காலைல இருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு" என்று அவர் கையை நீட்டினார்.

அவள் நீட்டப் போனாள். நீட்டிய கையை நிறுத்தினாள். மூன்று தாள்களில் கார்பனுக்கடியில் கடைசியாக இருந்த தாள் என்பதால், எழுத்து மங்கலாக விழுந்திருந்தது. பெயரும் தேதியும் தெரிந்தன. 'அளவு' என்ற இடத்தில் எண் விழுந்திருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை.

"ஒரு நிமிஷம்மா."

தாளைக் கதவு நிலையில் வைத்து இடது கையால் நீவினாள். பேனாவைத் திறந்தாள். அந்தப் பூஜ்ஜியத்தின் மேல், கோட்டை விட்டு விலகாமல், ஒரு முறை சுற்றினாள். அழுத்தி இன்னொரு முறை சுற்றினாள். மை காயும்வரை ஊதிவிட்டு, இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் கொடுத்தாள்.